மாட்டேன் என்ற யந்திரம்

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். நல்ல வாக்குத்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த அளவைப் போடுகிறவர் யார் என்பதை மட்டும் அவர்கள் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். லிஃப்டில் 'ஆறு பேர்' என்று எழுதியிருக்கிறது. ஏழாவதாக ஓர் ஒல்லிப் பையன் நுழைந்துவிட்டால் லிஃப்ட் அறுந்து விழுந்துவிடுவதில்லை. பாலத்தின் முகப்பில் இத்தனை டன் என்று பலகை நிற்கிறது. அதற்கு மேலே சுமந்த லாரிகளும் அதன்மேல் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. ஆக, எழுதி வைத்த அளவு ஒன்று, பொருளின் உண்மையான சக்தி இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே கொஞ்சம் இடம் இருக்கிறது. அந்த இடம் யாருக்குச் சொந்தம்? அதில் காலை வைக்கிறவன் சாமர்த்தியசாலியா, பேராசைக்காரனா?

இதை ஆராய்வதற்கு வீட்டுக் கம்ப்யூட்டரைப்போல வசதியான பொருள் வேறில்லை. கதை படிக்க வந்தவர்களிடம் யந்திர சமாசாரம் பேசுகிறானே என்று முகம் சுளிக்காதீர்கள். மனிதனுடைய ஆசை எங்கே போய் முட்டிக்கொள்கிறது என்பதைத்தானே கதைகளும் சொல்லிக்கொண்டிருக்கின்றன? இங்கே அது முட்டிக்கொள்ளும் இடம் எண்ணாலேயே தெரியும், அவ்வளவுதான் வித்தியாசம்.

கம்ப்யூட்டரின் மூளையாகிய பிராஸஸர் ஒரு தாளத்துக்கு ஆடுகிறது. நட்டுவனார் கழியைத் தட்டத் தட்ட அடி வைக்கிறவளைப்போல, ஒவ்வொரு தட்டுக்கும் அது கணக்கில் ஓர் அடி நகர்கிறது. இன்றைய நல்ல பிராஸஸருக்கு ஒரு நொடியில் 500 கோடித் தட்டுகள். ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவே வெளிச்சம்கூட ஆறு சென்டிமீட்டர்தான் ஓட முடியும். அந்த இடைவெளிக்குள் கோடிக்கணக்கான நுண்ணிய சுவிட்சுகள் தத்தம் வேலையை முடித்து அமைதியாக நின்றுவிட வேண்டும். நட்டுவனார் காலத்தைக் கூட்டினால் என்ன ஆகும்? தேர்ந்தவள் மூன்றாம் காலத்திலும் பிசகாமல் ஆடுவாள். மற்றவளுக்கு அடி தப்பும். தயாரித்தவர்கள் குறித்துக் கொடுத்த காலத்துக்கு மேலே தாளத்தைத் தட்டுவதற்குத்தான் ஓவர்கிளாக் என்று பெயர்.

இதைச் செய்கிறவர்களைப் பேராசைக்காரர்கள் என்று ஒரேயடியாகத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. காரணம் இருக்கிறது.

1998-ஆம் ஆண்டில் இன்டெல் கம்பெனி செலரான் 300ஏ என்று ஒரு மலிவான பிராஸஸரை விற்றது. அதன் வேகம் 300 மெகாஹெர்ட்ஸ். மதர்போர்டு தருகிற 66 என்ற அடிப்படைத் தாளத்தை அது நாலரை மடங்காக்கிக்கொள்ளும். அந்த நாலரையை யாரும் மாற்ற முடியாதபடி பூட்டு போட்டிருந்தார்கள். ஆனால் அடிப்படைத் தாளத்தை மாற்றலாமே! 66-ஐ 100 ஆக்கினால் 450 மெகாஹெர்ட்ஸ். பலர் செய்து பார்த்தார்கள். ஏராளமான செலரான்கள் மூச்சு வாங்காமல் ஓடின. பல மடங்கு விலை கொடுத்துப் பென்டியம் 2 வாங்கியவனுடைய யந்திரத்தின் வேகம் மலிவுச் சரக்கு வாங்கிய மாணவனுக்கும் கிடைத்துவிட்டது. அப்படியானால் '300' என்று எழுதியது உண்மையா, பொய்யா?

ஒரே தகட்டில் வார்த்த சில்லுகள் எல்லாம் ஒரே தரமாக இருப்பதில்லை. சோதித்துப் பார்த்து, இது இத்தனை வேகம், அது அத்தனை வேகம் என்று தரம் பிரிக்கிறார்கள். அதுவரை நியாயம். ஆனால் சந்தையில் மலிவுச் சரக்குக்குக் கிராக்கி அதிகமாக இருந்தால், நன்றாக ஓடக்கூடியதன் மேலும் சின்ன எண்ணையே பொறித்து அனுப்பிவிடுகிறார்கள். வியாபாரம் என்றால் அப்படித்தான். பின்னாளில் இதிலேயே ஒரு வியாபாரம் முளைத்தது: பெயரின் கடைசியில் 'கே' என்ற எழுத்துள்ள பிராஸஸருக்குப் பூட்டு இல்லை; அதற்கு விலை கூடுதல். மீறுவதற்கான அனுமதியையும் காசு வாங்கிக்கொண்டு விற்கிறார்கள்! இந்த லட்சணத்தில் எழுதிய எண்ணைச் சாஸ்திரமாக மதித்து நடக்க வேண்டும் என்று யாராவது பையன்களுக்குப் போதித்தால், பையன்கள் சிரிக்கத்தான் செய்வார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

ஆகவே, கூடக் கேட்பது குற்றமல்ல என்பது என் கட்சி. கேட்ட பிறகு என்ன செய்கிறோம் என்பதில்தான் விவகாரம் இருக்கிறது.

பயாஸ் என்கிற ஆதி அமைப்புக்குள் போய் எண்ணை உயர்த்திவிட்டுப் பையன் பொத்தானை அழுத்துகிறான். விசிறிகள் சுழல்கின்றன. விளக்குகள் எரிகின்றன. திரை மட்டும் கறுப்பாகவே நிற்கிறது. சில சமயம் ஒரு கணம் உயிர் வந்து அணைகிறது, தானே மறுபடி கிளம்புகிறது, மறுபடி அணைகிறது. பார்க்கிறவன் நெஞ்சு பதைக்கிறது. ஐயோ, எரித்துவிட்டோமோ!

பெரும்பாலும் எதுவும் எரிந்திருக்காது. மின்சாரம் வந்ததும் யந்திரம் முதலில் தன்னையே சோதித்துக்கொள்கிறது. நினைவகத்தில் எதையாவது எழுதி, எழுதியது அப்படியே திரும்பி வருகிறதா என்று பார்க்கிறது. புதிய வேகத்தில் அது சரிவராவிட்டால் மேற்கொண்டு ஓர் அடி எடுத்து வைப்பதில்லை. 'மாட்டேன்' என்கிறது. பல மதர்போர்டுகள் இரண்டு மூன்று தரம் முயன்று பார்த்துவிட்டுத் தாமாகவே பழைய எண்களுக்குத் திரும்பிவிடும். திரும்பாவிட்டாலும் வழி இருக்கிறது. மின்சாரத்தை அடியோடு துண்டித்துவிட்டு, போர்டில் இதற்கென்றே நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு ஊசிகளைச் சில நொடி இணைக்க வேண்டும். அல்லது நாணயம்போல் இருக்கும் மூன்று வோல்ட் பாட்டரியைக் கழற்றிச் சற்று நேரம் கழித்து மாட்ட வேண்டும். நாம் ஏற்றிய எண்கள் எல்லாம் அதற்கு மறந்துபோகும். கடையிலிருந்து வந்த நாளில் இருந்தபடி எழுந்து உட்காரும்.

இந்த மறதி எவ்வளவு பெரிய வரம் என்று நான் நினைப்பதுண்டு. முதல் ராங்க், முதல் ராங்க் என்று தாளத்தைக் கூட்டிக்கொண்டே போகிற தகப்பன்மார்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: பிள்ளைகளிடத்தில் அந்த இரண்டு ஊசிகள் கிடையாது. இருக்கட்டும், அது வேறு கட்டுரை.

யந்திரம் எழுந்துவிட்டதென்றால் பொருள்கள் உயிரோடு இருக்கின்றன என்று அர்த்தம். இனிமேல் செய்ய வேண்டியதற்கு ஒரே ஒரு விதிதான் உண்டு: ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம். நினைவகத்தின் வேகத்தை உயர்த்துவதானால் பிராஸஸரைத் தொடக் கூடாது. பிராஸஸரை ஏற்றுவதானால் ஒரு படி ஏற்றி, சோதித்து, சூட்டைப் பார்த்து, அப்புறம்தான் அடுத்த படி. நினைவகத் துண்டு நான்கு இருந்தால் இரண்டைக் கழற்றி வைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். நான்கையும் வேகமாக ஓட்டுவது இரண்டை ஓட்டுவதைவிடக் கஷ்டம். பொறுமை இல்லாதவன் மூன்று எண்களை ஒருமிக்க மாற்றுகிறான். அதிர்ஷ்டவசமாக ஓடிவிட்டால் அவனுக்கு வெற்றி கிடைக்கிறது, காரணம் கிடைப்பதில்லை. ஓடாவிட்டால் இரண்டும் இல்லை.

இங்கேதான் சபலம் வருகிறது. வோல்டேஜைக் கொஞ்சம் ஏற்றினால் 'மாட்டேன்' என்ற யந்திரம் 'சரி' என்று சொல்லிவிடும். இது மெய்தான், மின்னழுத்தம் கூடினால் சுவிட்சுகள் விரைந்து திரும்பும். ஆனால் இயற்கை வைத்திருக்கும் கணக்கில் வட்டி அதிகம். வேகத்தைப் பத்து சதவீதம் ஏற்றினால் மின்செலவும் சூடும் பத்து சதவீதம்தான் ஏறும். அதோடு வோல்டேஜையும் பத்து சதவீதம் ஏற்றினாலோ, அது வர்க்கமாகப் பெருகி, மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. சில்லும் உள்ளுக்குள் தேய்கிறது. இன்றைக்கு ஓடுகிற அதே வேகத்துக்கு அடுத்த வருஷம் இன்னும் கொஞ்சம் வோல்டேஜ் கேட்கும். 'மாட்டேன்' என்பதற்குக் காரணம் விசாரித்துத் தீர்ப்பது ஒன்று. அதட்டி 'சரி' சொல்ல வைப்பது வேறொன்று. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டிலும் யந்திரம் ஓடுகிறது.

ஓடுகிறது என்பதே போதுமா? கறுத்த திரையைக் கண்டு பயப்படுகிறவர்கள், பயப்பட வேண்டியதைப் பார்த்துப் பயப்படவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எழுந்திருக்க மறுக்கிற யந்திரம் யாரையும் ஏமாற்றுவதில்லை. வேகத்தின் விளிம்பில் நின்றுகொண்டு ஓடுகிற யந்திரம் இருக்கிறதே, அதுதான் ஆபத்து. பாட்டு பாடும், படம் காட்டும், கடிதம் அடிக்கும். பத்தாயிரம் கோடிக் கணக்குகளுக்கு ஒரு தரம் ஒன்றைத் தப்பாகப் போடும். போட்டதும் தெரியாது. அந்தத் தப்பு ஒரு புகைப்படத்தின் மூலையில் புள்ளியாக விழலாம். ஒரு தொகையின் நடுவிலும் விழலாம்.

இதற்காகவே கைதேர்ந்தவர்கள் ஒரு சோதனை வைத்திருக்கிறார்கள். மெர்ஸென் பகா எண்களைத் தேடுவதற்காக 1996-ல் ஜார்ஜ் வோல்ட்மன் என்பவர் அமெரிக்காவில் ஒரு கூட்டு முயற்சியைத் தொடங்கினார். அதற்கென எழுதிய பிரைம்95 என்ற புரோகிராம் இப்போது யந்திரங்களுக்குப் பரீட்சை வைக்கப் பயன்படுகிறது. விடை முன்பே தெரிந்த கணக்குகளை மணிக்கணக்கில் போடச் சொல்கிறது. வந்த விடையை உண்மை விடையோடு ஒத்துப் பார்க்கிறது. ஓர் எண் மாறினாலும் நிறுத்திவிடுகிறது. இரவு முழுவதும் இந்தச் சோதனையை ஓட விட்டு, காலையில் எழுந்து பார்க்கிற பையன்களிடம் எனக்கு மரியாதை உண்டு. தான் ஆசைப்பட்டதை அவன் சந்தேகிக்கவும் செய்கிறான் அல்லவா? எல்லோரும் அப்படி இல்லை.

மைக்ரோஸாஃப்டில் வெகு காலமாக வேலை செய்யும் ரேமண்ட் சென் 2005-ல் ஒரு விஷயத்தை எழுதினார். விண்டோஸ் நிலைகுலைந்த செய்திகள் ஊர் ஊராகக் கம்பெனிக்கு வந்து குவியும் அல்லவா? அவற்றில் சில, புத்திக்கு எட்டாதவையாக இருந்தன. ஓர் இடத்தைப் பூஜ்யமாக்கு என்கிற கட்டளையில் யந்திரம் விழுந்து கிடந்தது. அதில் தவறுவதற்கு ஒன்றுமே இல்லை. நடந்துகொண்டிருந்தவன் சமதரையில் காரணமில்லாமல் விழுந்ததற்குச் சமம். விசாரித்துப் பார்த்தால், பல யந்திரங்கள் ஓவர்கிளாக் செய்யப்பட்டவை. இதில் என் மனத்தைத் தைத்தது வேறு: அவற்றின் சொந்தக்காரர்களில் சிலருக்கு அந்தச் சங்கதியே தெரியாது. தெருக்கோடிக் கடைக்காரன், மெதுவான பிராஸஸரை வேகப்படுத்தி, வேகமான யந்திரம் என்று சொல்லி அந்த விலைக்கு விற்றிருக்கிறான். வாங்கியவர்கள் விண்டோஸைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

செலரான் வாங்கிய மாணவனும் இந்தக் கடைக்காரனும் செய்தது ஒரே காரியம்தான். திருகிய எண் ஒன்றுதான். இருந்தும் ஒருவனைப் பார்த்துப் புன்னகை செய்யத் தோன்றுகிறது. இன்னொருவனைப் போலீஸில் பிடித்துக் கொடுக்கத் தோன்றுகிறது. மாணவன் தன் பொருளை வைத்துத் தானே ஆடினான். தோற்றால் தோல்வி அவனுடையது. கடைக்காரன் லாபத்தைத் தான் எடுத்துக்கொண்டு, ஆபத்தை மட்டும் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டான். இந்த விஷயத்தில் பாபம் என்று ஒன்று இருந்தால் அது இங்கேதான் இருக்கிறது; மெகாஹெர்ட்ஸில் இல்லை.

செய்தவர்களே இந்தத் தவற்றுக்கு அப்பாற்பட்டவர்கள் என்றும் சொல்வதற்கில்லை. 2022-லும் 2023-லும் இன்டெல் வெளியிட்ட பதின்மூன்றாம், பதினான்காம் தலைமுறை டெஸ்க்டாப் பிராஸஸர்களில் வேகம் மிகுந்தவை சில, எந்தப் பையனும் கை வைக்காமலே தடுமாற ஆரம்பித்தன. விளையாட்டுகள் பாதியில் அறுந்தன. திரையில் வந்த செய்தியோ, படக் கார்டில் நினைவிடம் போதவில்லை என்றது! குற்றவாளி ஒருவன், பழி இன்னொருவன்மேல். கார்டை மாற்றிப் பார்த்து அலுத்தவர்கள் எத்தனை பேரோ. கடைசியில் 2024-ல் கம்பெனி ஒப்புக்கொண்டது: பிராஸஸரின் உள்ளே இருக்கும் கட்டளைத் தொகுப்பு, வேண்டியதற்கு மேலான வோல்டேஜைக் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தது, மதர்போர்டுகளின் அமைப்புகளும் தம் பங்குக்கு வரம்பு மீறியிருந்தன. திருத்தம் அனுப்பினார்கள். உத்தரவாதத்தை இரண்டு வருஷம் நீட்டினார்கள். முன்பே கெட்டுப்போன சில்லைத் திருத்தம் குணப்படுத்தாது.

2011-ல் மைக்ரோஸாஃப்டைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் மூவர், ஏறக்குறைய பத்து லட்சம் கம்ப்யூட்டர்களின் பழுதுகளைக் கூட்டிக் கழித்துப் பார்த்து ஓர் அறிக்கை கொடுத்தார்கள். வேகத்தைக் கூட்டியவை அதிகமாக விழுந்தன, இது எதிர்பார்த்ததுதான். குறித்த வேகத்துக்கும் குறைவாக ஓடியவை, குறித்த வேகத்தில் ஓடியவற்றைவிடத் திடமாக இருந்தன என்பதையும் கண்டார்கள். அதாவது எழுதிய எண் என்கிற கோட்டுக்கு இந்தப் பக்கம் பத்திரம், அந்தப் பக்கம் ஆபத்து என்று பிரித்துக்கொள்ள வழியில்லை. ஒவ்வொரு படிக்கும் ஒரு விலை. கம்பெனியும் ஒரு படியைத் தேர்ந்துகொண்டு நம் சார்பில் விலை பேசியிருக்கிறது.

எங்கள் தெருவில் கல்லூரியில் படிக்கும் பையன் ஒருவன் இருக்கிறான். கெட்டிக்காரன். புதிதாக வாங்கிய நினைவகத்தின் அட்டையில் 3600 என்று போட்டிருந்தது. மாட்டினால் 2133-ல் ஓடியது. அவனுக்கு ஆத்திரம். அட்டையில் இருக்கும் எண் தானாக வருவதில்லை. இன்டெல் 2007-ல் கொண்டுவந்த எக்ஸ்.எம்.பி. என்ற ஏற்பாட்டைப் பயாஸில் முடுக்கிவிட வேண்டும். அதுவும் ஒருவகை ஓவர்கிளாக்தான் என்பது அட்டையில் பெரிய எழுத்தில் இருக்காது. முடுக்கினான், திரை கறுத்தது. நான் மேலே சொன்ன வைத்தியங்களை எல்லாம் அவன் முறையாகவே செய்தான். துண்டு துண்டாகக் கழற்றிப் பார்த்தான், பயாஸைப் புதுப்பித்தான், கடைசியில் கொஞ்சம் வோல்டேஜும் கொடுத்து 3600-ல் எழுப்பிவிட்டான். இரவு சோதனையை ஓட விட்டான். விடியற்காலையில் ஒரே ஒரு பிழை.

"ராத்திரி பூராவும் சேர்த்து ஒண்ணே ஒண்ணு, மாமா. கேம் ஆடறதுக்கு இது தாராளமா போதும்" என்றான்.

அவன் சொன்னது வாஸ்தவம். ஆட்டத்தில் ஒரு புள்ளி பிசகினால் குடி முழுகிவிடாது. ஆனால் அந்த வீட்டில் கம்ப்யூட்டர் ஒன்றுதான். பகலில் அவனுடைய அக்கா அதில் தகப்பனாரின் கடைக் கணக்கை எழுதுகிறாள். வரி கட்டுவதற்கான தொகைகள் எல்லாம் அதில்தான் கூடுகின்றன. அவள் எண்ணைச் சரியாகவே அடிப்பாள், சரிபார்க்கிற பெண்தான். தான் அடித்தது யந்திரத்துக்குள் வேறாகிவிடக்கூடும் என்று எந்தப் பெண்ணுக்குத் தோன்றும்?

"அக்காகிட்டே சொன்னியா?" என்று கேட்டேன்.

அவன் சற்று நேரம் அந்தக் கறுப்புப் பெட்டியின் விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சொன்னா வேண்டாம்னு சொல்லிடுவா, மாமா" என்றான்.